இரண்டு முறை எழுதிய விற்பனைக் குறிப்பு

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பழைய அமெரிக்கக் கார்களைச் சீர்செய்து விற்கும் ஒரு சிறிய பட்டறையில் நான் சில காலம் வேலை பார்த்தேன். விற்பனைக் குறிப்புகளை எழுதுவது என் பொறுப்பு. அவற்றில் ஒன்றை மட்டும் இரண்டு முறை எழுத நேர்ந்தது. அது 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பற்றியது.

அந்த மாடல் அபூர்வமானதன்று; அந்த ஓராண்டுக்கான மஸ்டாங்குகள் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் தயாராயின. ஆனால் இந்தக் காரில் தொழிற்சாலையில் பூசிய ஆர்கேடியன் நீலமும் அங்கேயே தைத்த வினைல் இருக்கைகளும் அப்படியே இருந்தன. முதல் உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியையே அதுவரை வைத்திருந்ததால், கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்துகள் கொண்ட அக்காலக் கலிஃபோர்னியப் பதிவு எண் தகடும் மாறவில்லை. தொழிற்சாலையிலேயே வண்டியில் பொறித்த அடையாள எண்ணின் இரண்டாம் இடத்திலிருந்த ‘ஆர்’ என்ற எழுத்து சான் ஹோசே தொழிற்சாலையைக் குறிப்பது. பெயர்தான் சான் ஹோசே. தொழிற்சாலை இருந்தது மில்பிடாஸில். 1983இல் மூடப்பட்ட அந்தக் கட்டடம்தான் இன்றைய கிரேட் மால். வார இறுதியில் நம்மவர்கள் பிள்ளைகளோடு சுற்றிவரும் கூரையின் கீழ்தான் இந்தக் கார் உருவானது என்பதை நான் இந்த வேலைக்கு வந்த பிறகே அறிந்தேன்.

எந்திரப் பகுதியில் எங்கள் மெக்கானிக் எதையும் விட்டுவைக்கவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது கிடைப்பதில்லை என்பதால் வால்வுகள் அமரும் இடங்களில் கடினப்படுத்திய வளையங்களைப் பொருத்தினார்; எத்தனால் கலந்த எரிபொருளைத் தாங்கும் ரப்பர் குழாய்களைப் போட்டார். மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் அக்காலத்தில் ஒரே அறைதான். எங்காவது ஒழுகினால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். அதைக் கழற்றி இரட்டை அறை கொண்டதை மாட்டி, பழையதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். ஆனால் பெயிண்டைத் தொட மறுத்துவிட்டார். ஓடித் தேய்கிற உறுப்பை மாற்றலாம், மறுபடி கிடைக்காததில் கை வைக்கக்கூடாது என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை வாங்க வருபவர்களுக்குப் புரியவைப்பது எளிதாக இல்லை. பல ஆண்டுகள் மெழுகு தேய்த்ததில் பானெட்டின் விளிம்புகளில் நிறம் கரைந்து அடிப்பூச்சான பிரைமர் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு தையல் விட்டிருந்தது. எஞ்சினுக்கு இவ்வளவு செலவழித்தவர்கள் பெயிண்டுக்கு முன் பணம் தீர்ந்து நின்றுவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள். அதனால் என் குறிப்பில் அழுத்தமாக எழுதினேன்: ‘முழுவதும் அசல் பெயிண்ட்.’

நான்காவதாக வந்தவர் பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியோடு வந்தார். கதவுகள், கூரை, பானெட் என்று எங்கு வைத்தாலும் 100 முதல் 130 மைக்ரானுக்குள் காட்டியது. வலப்பக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தபோது 340. அவர் எதுவும் சொல்லாமல் கருவியின் திரையை என் பக்கம் திருப்பினார். டிங்கரிங் செய்து, பட்டி வைத்து, மேலே பெயிண்ட் அடித்த இடம் அது. நிறம் அவ்வளவு சரியாகப் பொருந்தியிருந்தது.

ஆசிரியைக்குத் தொலைபேசியில் பேசினேன். சற்று யோசித்தவர், எழுபதுகளில் பள்ளி வாகன நிறுத்தத்தில் யாரோ இடித்ததையும், கணவர் ஒரே வாரத்தில் சரிசெய்துகொண்டு வந்ததையும் நினைவுகூர்ந்தார். அவர் மறைக்கவில்லை, மறந்திருந்தார். அதே போன்ற கருவி எங்கள் மேசை இழுப்பறையிலேயே இருக்க, அவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து ‘முழுவதும்’ என்று எழுதியவன் நான்தான். இன்றும் அந்தச் சொல்லை எழுதக் கை தயங்குகிறது.

அன்று மாலையே குறிப்பைத் திருத்தினேன். வலப்பின் பகுதி மறுபூச்சு என்பதோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியாவில் விற்ற கார்களுக்குப் புகைக்குழாய்ப் புகைக்கான கட்டுப்பாடு முதன்முதலாகக் கட்டாயமானது 1966 மாடல்களில்தான். அதற்காகப் பொருத்திய காற்றுப் பம்பு இந்த வண்டியில் இல்லை. 1975 வரையிலான வண்டிகளுக்கு இப்போது புகைச் சோதனை கிடையாது என்பதால் யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதினேன். முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைகளில் நீர் ஊற்றிப் பார்த்தோம். அந்தக் கால மஸ்டாங்குகளில் அங்கே துருப்பிடித்து உள்ளே ஒழுகுவது வழக்கம். பக்கத்து இருக்கைக்காரரின் கால் அருகே சொட்டியது, அதையும் எழுதினேன். படித்துப் பார்த்த முதலாளி, நான் காரை விற்கிறேனா, வாக்குமூலம் கொடுக்கிறேனா என்று கேட்டார்.

விலையைக் குறைக்க வேண்டியிருந்தது. வாங்கியவர் அதே நான்காம் மனிதர். காசோலையைக் கொடுத்த பிறகு, திருத்திய குறிப்பின் ஒரு நகலில் என் கையெழுத்தையும் தேதியையும் போட்டுத் தரச் சொன்னார். அதை மடித்து, ஆசிரியை சேர்த்து வைத்திருந்த பழைய ரசீதுகளுக்கு மேல், டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.