ஆறாத புண் பராமரிப்புப் பயிற்சி: செய்முறைத் தேர்வில் நான் முதல் தடவை தோற்றது எப்படி

கையைக் கழுவி, கையுறை மாட்டி, பழைய கட்டை அவிழ்த்து, சலைன் விட்டுக் கழுவி, புதுக் கட்டு போட்டு நிமிர்ந்தேன். பதினொரு நிமிடம். எனக்கே பெருமையாக இருந்தது. தேர்வு எடுத்த நர்ஸ் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "பாட்டாவுக்கச் செருப்பு எங்க மக்களே?"

பாட்டா என்றால் எங்கள் ஊரில் தாத்தா. நோயாளியாக நடித்த அவரின் கட்டிலுக்கு அடியில் செருப்பு கிடந்தது. அடிப்பக்கம் துளைத்து ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே வைத்தது. நான் குனிந்தே பார்க்கவில்லை. அவ்வளவுதான், அந்த மேசையில் எனக்குப் பூஜ்யம்.

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்ப்பது என் வேலை. இந்த மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. நெய்யூரில் 1838-லேயே மருத்துவ மிஷன் வந்துவிட்டது. குறைவு, பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீட்டில் பாட்டாவைப் புரட்டிப் போட ஒரு ஆள். அதனால் இந்தப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, கட்டு போடுவதைக் கடைசியில் படியுங்கள். அது இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். புண் எதனால் வந்தது, எதனால் ஆறவில்லை என்பதுதான் பாடம்.

சர்க்கரைக் கால் புண்ணில் வலி இல்லாததே ஆபத்து. 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்கு உணர்வு போனதே பெரிய காரணம் என்று காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் அதே கணக்குதான். தேர்வில், பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு உணர்வைச் சோதிக்கச் சொல்வார்கள். வீட்டில் அது கையில் இல்லாவிட்டால், கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். ஆறில் இரண்டு தெரியாமல் போனாலே அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் வெறுங்காலோடு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறாரா என்று கேளுங்கள். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்க வையுங்கள்.

படுக்கைப் புண்ணில் நான் தடுமாறியது முதல் நிலை, அதாவது தோல் இன்னும் கிழியாத கட்டம். பாடப் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோல், அழகாகச் சிவந்திருக்கும். நம்ம பாட்டிகளின் இடுப்பில் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. புறங்கையை வைத்துப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள்: சூடு கூடியிருக்கிறதா, தடித்திருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா? நிறம் பிறகுதான். அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டாம்; குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். குதிகாலில் காய்ந்து இறுகிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சீழோ வீக்கமோ இல்லையென்றால் அதைப் பிய்க்கக் கூடாது. இது தேர்வில் வைக்கும் கண்ணி, என்னோடு படித்த மூன்று பேர் விழுந்தார்கள்.

இரண்டு மணிக்கூருக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று எழுதினால் மதிப்பெண் வரும். வீட்டில் அப்படிச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். நான் கடிகாரத்தை விட்டுவிட்டேன். மாதா கோயில் மணிக்கு இடது பக்கம், பாங்குக்கு வலது பக்கம், சீரியல் பாட்டுக்கு மறுபடி இடது என்று அந்தந்த வீட்டுக் காதுக்குக் கேட்கிறதை வைத்துச் சொல்கிறேன். நடக்கிறது.

கணுக்காலுக்கு மேல் நரம்பு (ரத்தக்குழாயைத்தான் சொல்கிறேன்) சுருண்டு வரும் புண்ணுக்கு இறுக்கக் கட்டுதான் மருந்து. ஆனால் பாதத்தில் நாடி கிடைக்காமல் கால் சில்லென்று இருந்தால் இறுக்கவே கூடாது, டாக்டரிடம் அனுப்புங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, எலும்பு தெரிவது, திடீர்ப் பிதற்றல், ஈரமாக நாறும் கறுப்பு விரல் இருந்தால் அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

கழுவுவதற்கு, ஐந்து நிமிடம் கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி தூளுப்பு போதும். மறுநாளைக்கு வைக்காதீர்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். காப்பித்தூளோ மஞ்சளோ போட்டிருந்தால் மருமகளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள், அவ்வளவே.

அளவெடுக்கும்போது தலைப்பக்கம் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு நீளம், அகலம், ஆழம் குறித்து, வாராவாரம் அதே மாதிரி எழுதுங்கள். நான்கு வாரத்தில் சர்க்கரைக் கால் புண்ணின் பரப்பு பாதியாகவில்லை என்றால் கட்டை மாற்றிப் பயனில்லை, காரணத்தைத் திரும்பத் தேட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் சுகர் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுதேர்வில் அதே பாட்டாதான். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன், செருப்பில் ஒன்றும் இல்லை. தலையணையைத் தூக்கினேன். ஒரு பீடிக்கட்டு.

"பாட்டா, ஒரு நாளைக்கு எத்தனை?" என்றேன். அவர் நர்ஸ் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.