காவல்காரன்

"காவல்காரனத்தான் கட்டிப் போட்டுட்டீங்களே டாக்டர், இப்ப திருடன் வந்தா யாரு பாக்குறது?"

அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். கணவருக்கு நிமோனியா வந்திருந்தது. காவல்காரன் கதையை அவருக்குச் சொன்னதே நான்தான்.

மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீருமாக வந்தவர், குடியால் வந்த கல்லீரல் அழற்சி. நோயின் தீவிரத்தைக் காட்டும் மேட்ரி ஸ்கோர் 32-ஐத் தாண்டியிருந்தது, வெள்ளணுவும் எகிறியிருந்தது. "வெள்ளணு கூடினா நல்லதுதானே?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. குடித்துக் குடித்துக் குடல் கசியும், பாக்டீரியாவின் நச்சு கல்லீரலுக்குப் போகும், அங்கேயே இருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் ஆள் கூப்பிடும், நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக இறங்கிக் கல்லீரல் செல்களையே அடிக்கும். இதையெல்லாம் வார்டில் நின்றபடி எப்படிச் சொல்வது? "வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரன அடிக்கிறாம்மா. அவன அடக்கத்தான் இந்த மாத்திரை" என்றேன். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, 40 மில்லிகிராம், 28 நாள். உடனே கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. பாதிதான் சொன்னேன். அந்த நியூட்ரோஃபில்கள் சும்மா இருக்கும்போதே கொதிக்கும். நிஜமாகக் கிருமி வந்தால் விழுங்க முடியாமல் திணறும். தொற்று வரலாம் என்றும் சொன்னேன், நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் கதையைச் சொன்ன அழுத்தத்தோடு அதைச் சொன்னேனா?

வேறு என்ன கொடுத்திருக்க முடியும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தை மட்டும் தடுக்கும் எட்டனர்செப்ட்டைக் கொடுத்துப் பார்த்த 2008 ஆய்வில் இறப்புதான் கூடியது. ஸ்டீராய்டு மட்டும் என்ன? 2015-இல் வந்த பிரிட்டன் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். 28 நாளில் இறப்பு சற்றுக் குறைந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 90 நாளில் பலனே தெரியவில்லை. தீவிரத் தொற்று மட்டும் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு 13 சதவீதம், பெறாதவர்களுக்கு 7. இதெல்லாம் தெரிந்துதான் கொடுத்தேன். சிலருக்கு நன்றாகவே கேட்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஏழாம் நாள் லில் ஸ்கோர் 0.45-க்கு மேல் போனது, அதாவது மருந்து கேட்கவில்லை. நிறுத்தினோம். அதற்குள் இருமல் தொடங்கிவிட்டது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். மாத்திரை கொடுக்காவிட்டாலும் தொற்று வந்திருக்கலாம், இந்த நோயில் அது சகஜம். சரி, அப்படியானால் ஏன் அந்தக் கேள்விக்கு "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்?

போன வாரம் இன்னொருவர், அதே நோய். காவல்காரனை விட்டுவிட்டு, அந்த எண்களை நிதானமாகச் சொன்னேன். அவருடைய மகன் முழுக்கக் கேட்டான். அப்புறம், "எனக்கு ஒண்ணும் புரியல சார், நீங்களே முடிவு பண்ணுங்க" என்றான்.