உத்தரவை வாசிக்கிற ஊர்

உத்தமபாளையத்திலிருந்து குமுளிக்குக் குடிபோனதை எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் ஊர்விட்டு ஊர் போனதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் வந்துவிடுகிற இடம். தமிழ்நாட்டு பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் கேரளா. "இதெல்லாம் ஒரு தூரமா?" என்றுதான் மாமியார் கேட்டார். தூரம் இல்லைதான். ஆனால் ரேஷன் கார்டு, கரண்ட் ஆபீஸ், பிள்ளையின் பாடப்புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் வேறு அரசாங்கத்துடையது. அந்த நாலு எட்டின் கனம் 2020 மார்ச்சில், கொரோனா வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

2019-இல் இங்கே சின்னதாக ஒரு ஜவுளிக்கடை போட்டோம். முன்பக்கம் துணி, பின்பக்கம் என் தையல் மெஷின். அந்த ஆகஸ்டில் வண்டன்மேடு ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. கையில் காசு புழங்கும் ஊர் என்று நம்பித்தான் வந்தோம். கம்பம், கூடலூர், தேவாரம் பக்கமிருந்து விடிகாலையில் ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்கு வருகிற நம்மூர்ப் பெண்கள்தான் எங்கள் பாதி வியாபாரம். நைட்டி, அதற்குமேல் போட்டுக்கொள்ள ஆண்பிள்ளைச் சட்டை, தலைக்கட்டுக்குத் துண்டு. மீதிப் பாதி உள்ளூர்க்காரர்கள். அவர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் விலையைக் கேட்பார்கள், விலையைச் சொன்னால் சிரிப்பார்கள். அவ்வளவுதான் பழக்கம். ஒரு ஊரின் சுபாவம் தெரிய அது போதாது.

ஒரு ஊரைப் புரிந்துகொள்ள அது எப்படிப் புலம்புகிறது என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தடை என்று வந்துவிட்டால் முதல் கேள்வி, "யாரைத் தெரியும்?" ஒரு கவுன்சிலரோ, ஏட்டையாவோ, வி.ஏ.ஓ. ஆபீசில் ஒரு ஆளோ இருந்தால் வழி பிறக்கும். உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குமுளியில் முதல் கேள்வியே, "உத்தரவில் என்ன இருக்கிறது?" அதை வாசித்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.

மார்ச் 23-ஆம் தேதி கேரளா முழுக்க ஊரடங்கு என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். மறுநாள் சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது, அன்றைக்கு ராத்திரி நாடு முழுவதற்கும் அறிவிப்பு. அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணி என்றால் எங்கள் வரிசையில் எல்லா வீட்டு டி.வி.யிலும் ஒரே குரல். இன்று இத்தனை பேருக்கு, எந்த ஜில்லாவில், எங்கிருந்து வந்தவர்கள், எத்தனை பேர் கண்காணிப்பில். ஏற்ற இறக்கமே இல்லாத பேச்சு. அடுத்த கட்டிடத்துச் சாயாக்கடைச் சேட்டன் ஒரு பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். ஏதோ கணக்குப் பிள்ளை மாதிரி எழுதுகிறாரே என்று எட்டிப் பார்த்தேன். எண்கள் இல்லை. எந்தக் கடை எத்தனை மணி வரை, பார்சல் மட்டுமா, எத்தனை பேர் நிற்கலாம் என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கேள்விக்குறி போட்டிருந்தார். மறுநாள் போலீஸ் ஜீப் வந்து கடையைச் சாத்தச் சொன்னபோது அந்தக் காகிதத்தை நீட்டி, "சாறே, நேற்று சொன்னது இது, நீங்கள் சொல்வது வேறு" என்றார். கால் மணி நேரம் விவாதம் நடந்தது. குரல் உயர்ந்தது, கை ஓங்கவில்லை. கடைசியில் சாத்தத்தான் செய்தார். சாத்திவிட்டு, ஷட்டருக்கு வெளியே நின்று இன்னொரு கால் மணி நேரம் வாதாடினார். எனக்கு அது புதிது. தோற்றுப்போன பிறகு எதற்கு வாதம் என்று நினைக்கிற ஊர் நம்முடையது.

வெளியே போக ஒரு சத்தியவாங்மூலம் எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும்: பெயர், எங்கே, எதற்கு. மலையாளம் எழுத வராத எனக்கு எதிர்வீட்டுச் சேச்சிதான் எழுதித் தருவார். எழுதிக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டுவார். அவர் ஓட்டுப் போட்டதே அந்த அரசாங்கத்துக்குத்தான். ஏப்ரலில் ஒற்றைப்படை, இரட்டைப்படை வண்டி விதி வந்தது. ஒரு நாள் ஒற்றை எண் வண்டிகள், மறுநாள் இரட்டை எண். பெண்கள் ஓட்டினால் விலக்கு. அவ்வளவுதான், ஸ்கூட்டர் சாவியைத் தொடவே விடாத வீடுகளில்கூடப் பொண்டாட்டி முன்னால், புருஷன் பின்னால். சேச்சி பத்து வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத வண்டி அந்த வாரம் கிடைத்தது. உத்தரவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லாத ஒரே வாரமும் அதுதான்.

இடுக்கி ஜில்லா அந்த மாதம் பச்சை மண்டலம் என்று தளர்வு வாங்கியது. ஷட்டரைப் பாதி தூக்கித் தூசு தட்டினோம். ஒரு வாரம் தாங்கவில்லை, ஏப்ரல் 27-ஆம் தேதி கோட்டயத்தோடு சேர்த்துச் சிவப்பாக்கிவிட்டார்கள். கண்டிப்பான விதி வந்தபோது இவ்வளவு கோபம் வரவில்லை, ஒத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்ததைப் பிடுங்கியபோதுதான் தெருவே கொதித்தது. கடையைத் திறக்கிற நம்பிக்கையில் கம்பத்தில் சரக்குக்கு முன்பணம் கொடுத்திருந்த என் வீட்டுக்காரரும் அன்றைக்குச் சேட்டனோடு சேர்ந்து மலையாளத்தில் திட்டினார். அவர் தடுமாறாமல் பேசிய முதல் மலையாளம் அதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் கதை. ஜீப்பில் வந்துபோகிறவர்கள் கதை வேறு, அவர்கள் குரல் ஆறு மணி டி.வி.யில் வராது. ஜீப் நின்ற அன்றைக்கே மலைமேல் எஸ்டேட்டுகளில் மாட்டிக்கொண்டவர்கள் காட்டுப்பாதை வழியாக இறங்கத் தொடங்கினார்கள். பூப்பாறைப் பக்கமிருந்து போடி ராசிங்கபுரத்துக்கு அப்படி நடந்து போனவர்கள் வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் யாரும் உத்தரவு வாசிக்கவில்லை. எனக்கு வாடிக்கையாளர்களான அக்காக்கள் இரண்டு பேர் அதே மாதிரி வேறொரு வழியில் இறங்கிப் பத்திரமாகக் கம்பம் போய்ச் சேர்ந்தார்கள் என்று போனில் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எல்லை கேட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காய்கறி லாரிகளுக்குத் தடை இல்லை. கம்பம் பள்ளத்தாக்குக் காய் ஏறாவிட்டால் இங்கே குழம்பு கொதிக்காது. "தக்காளிக்குப் பாஸ் உண்டு, தக்காளி பறிக்கிறவளுக்கு இல்லை" என்றார் சேட்டன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை உத்தமபாளையத்தில் கிடைக்கவில்லை என்று நான் இங்கே வாங்கி, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் தம்பி. நடுவில் இரண்டு மாநிலப் போலீஸும். பையை மேஜையில் வைத்து நான் பின்னால் வர வேண்டும், அவன் வந்து எடுக்க வேண்டும். "நல்லாருக்கியாக்கா" என்று அவன் கத்தியதற்கு நான் பதில் சொல்வதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். மறையூர், உடுமலை வழியில் சின்னார் எல்லையில் பாஸ் கிடைக்காத ஜோடிகள் சாலையிலேயே தாலி கட்டிக்கொண்டதாகப் பேப்பரில் படித்தோம். வருஷத்துக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு, இரண்டு மாநிலமும் சேர்ந்து திறந்துவிடுகிற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கும் 2020, 2021 இரண்டு வருஷமும் பக்தர்களை விடவில்லை. அதைப் பற்றி மட்டும் எந்தப் பக்கமும் சண்டையில்லை. கண்ணகி பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

உதவியிலும் இரண்டுங்கெட்டான் நிலைதான். கேரளா 17 பொருள் அடங்கிய பையை ரேஷன் கடையில் இலவசமாகக் கொடுத்தது. தமிழ்நாடு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. எங்கள் அட்டை மாமியார் வீட்டு அலமாரியில். ஆயிரத்தை மாமியார் வாங்கிக்கொண்டார், நியாயம்தானே. இங்கே வார்டு மெம்பர் வந்து, "உங்களுக்கு அரிசி இருக்கா?" என்று கேட்டு, சமூக சமையலறைப் பொதியை இரண்டு நாள் அனுப்பிவைத்தார். எங்களிடம் அரிசி இருந்தது. கேட்டாரே என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

அதே மெம்பர் இருக்கிற வார்டில்தான் ஒரு அம்மா கடை வாசலில் நின்று, "இந்தத் துணி கம்பத்திலிருந்து வருவதா?" என்று கேட்டுவிட்டு எடுத்த சேலையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். தமிழ்நாட்டில் தொற்று ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. சரி, பயம். ஒரு வருஷம் கழித்து, 2021 ஜூலையில் நாட்டிலேயே கேரளாவில்தான் தினசரி எண்ணிக்கை அதிகம் என்று ஆனபோது, உத்தமபாளையம் தெருவில் அம்மா வீட்டு வாசலில் நான் இறங்கியதும் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. சின்ன வயதிலிருந்து நான் எட்டிப் பார்த்துப் பேசின ஜன்னல். நான் குமுளிக்காரி என்று யாராவது என்னை முடிவுகட்டினார்கள் என்றால் அது அன்றைக்குத்தான்.

2021-இல் புலம்பலின் ருசியே மாறிவிட்டது. ஏப்ரல் 6-ஆம் தேதி இரண்டு மாநிலத்திலும் ஒரே நாளில் ஓட்டுப் பதிவு. அதற்கு முந்தின வாரங்களில் கட்சிக்காரர்கள் தோளோடு தோள் ஒட்டி ஊர்வலம் போனார்கள். ஓட்டு முடிந்து எண்ணிக்கை எகிறி, மே 8-ஆம் தேதி கேரளாவில் மறுபடி முழு ஊரடங்கு. "ஓட்டுக் கேட்கும்போது வராத நோய் கடை திறந்தால் வருமா?" இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும், இரண்டு மொழியிலும் கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை.

ஜூனில் பஞ்சாயத்துகளைத் தொற்று விகிதத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். நூறு பரிசோதனையில் எட்டுக்குக் கீழே என்றால் ஏ, இருபது வரை பி, முப்பது வரை சி, அதற்கு மேல் டி. ஒரு மாதத்துக்குள் அளவுகோலை ஐந்து, பத்து, பதினைந்து என்று இறுக்கிவிட்டார்கள். சி என்றால் ஜவுளிக்கடைக்கு வெள்ளிக்கிழமை மட்டும். சனி, ஞாயிறு எல்லாருக்கும் அடைப்பு. வாரத்தில் ஒரு நாள் திறந்தால் என்ன ஆகும்? ஒரு வாரத்துக் கூட்டம் ஒரே நாளில் வரும். கூட்டம் கூடாமலிருக்கப் போட்ட விதி கூட்டத்தைக் கூட்டியது. இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம், வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடை வாசலில் வந்து நின்றால் போதும். ஒரு பெண்மணி ஜாக்கெட் அளவு கொடுக்க ஒரு மணி நேரம் நின்றார். அளவு எடுக்கத் தொட வேண்டும், தொடக்கூடாது. பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். "பழசு இப்போ போட்டால் பத்தாது மோளே, ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தேனே" என்றார்.

வியாபாரிகள் ஜூலையில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இறங்கிப் போராடினார்கள். விதியை மீறிக் கடை திறப்போம் என்று சங்கம் அறிவித்தது, முதலமைச்சர் கடுமையாக எச்சரித்தார், அப்புறம் பேச்சுவார்த்தை. பக்ரீத்துக்கு மூன்று நாள் தளர்வு கிடைத்தது, அதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எங்கள் வரிசையில் இதைப் பற்றி இரண்டு கட்சி. கண்டித்தது சரி என்றவரும் அந்த மூன்று நாளும் கடையைத் திறந்தவர்தான்.

ஆனால் உச்சம் ஆகஸ்ட் 5-ஆம் தேதி. கடைக்கு வருகிறவர் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஊசியாவது போட்டிருக்க வேண்டும், அல்லது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சான்றிதழ், அல்லது நோய் வந்து குணமாகி ஒரு மாதம். முந்தின நாள் சட்டசபையில் அமைச்சர் பேசியபோது 'இருந்தால் நல்லது' என்ற தொனியில் இருந்தது, உத்தரவில் கட்டாயமாகிவிட்டது. பால் பாக்கெட் வாங்கப் பரிசோதனையா என்று தெருவே சிரித்தது. ஊசிக்காக வரிசையில் நின்று நின்று திரும்பிய இளவட்டங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஆகஸ்ட் 5-இலிருந்து தமிழ்நாடு, கேரளாவிலிருந்து வருகிறவர்களிடம் இரண்டு ஊசி அல்லது ஆர்டிபிசிஆர் கேட்டது. கோவிஷீல்டு முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 12 முதல் 16 வாரம் இடைவெளி என்று மத்திய அரசு நீட்டி வைத்திருந்த சமயம். ஏலக்காய் எடுக்கிற நேரம். ஒரு ஊசி போட்ட அக்கா என் கடைக்குள் வரலாம், வாங்கின நைட்டியோடு சாயங்காலம் தன் வீட்டுக்குப் போவதற்குத்தான் காகிதம் பத்தாது. "காலையில போய் பொழுதுசாய வர்றவளுக்கு எந்தூருல இருந்து வந்தேன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் அப்படிக் கேட்டது எல்லையில் காகிதம் பார்த்த ஆளிடம், அந்த ஆளும் கூடலூர்ப் பக்கத்துக்காரர்தான். தலையைக் குனிந்துகொண்டாராம்.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் பேரிடர்ச் சட்டத்தின் கீழ் போட்ட கட்டுப்பாடுகளைக் கேரளா விலக்கியது. மாதம் முடிவதற்குள் மாஸ்க் மட்டும் கட்டாயமாகத் திரும்பி வந்தது. அந்த வாரம் கடைக்கு வந்த ஒருவர், "அதெல்லாம் எடுத்தாச்சே, பேப்பரில் போட்டானே" என்றார். நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எடுத்தது எந்த உத்தரவு, திரும்பப் போட்டது எந்த உத்தரவு, அபராதம் எதற்கு என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் விளக்க ஆரம்பித்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சாயாக்கடைச் சேட்டன் எழுந்து வந்து நான் சொன்ன தேதி தவறு என்றார்.