நைனா திருத்திய நடை

ஆகஸ்ட் பிறந்தால் போதும், மெட்ராஸ் தினம் என்று சென்னையில் ஆளாளுக்கு ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார்கள். மயிலாப்பூருக்கு நாலு நடை, கோட்டைக்கு ரெண்டு நடை. நம்ம ஏரியா மட்டும் என்ன பாவம் பண்ணியது என்று நண்பர்கள் குழுவில் ஒருநாள் வாயை விட்டேன். "அப்போ நீயே நடத்தேன்" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு ராயபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றி நடக்கிறோம். பேர் கொடுத்தவர்கள் 25 பேர். நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் பில் போடுகிறவள். 25 பேருக்கு முன்னால் நின்று பேசியதே கிடையாது.

நைனாவிடம் சொன்னபோது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நடக்கறதுக்கு ஆளு சேக்கறியா? எனக்கு சம்பளம் குடுத்து நடக்கச் சொன்னாங்க. நீ துட்டு வாங்கினு நடக்க வெக்கிற."

நடை முடிந்ததும் சாப்பிடப் போகிற அத்தோவுக்காகத்தான், அதாவது பர்மா நூடுல்ஸுக்காகத்தான், ஆளுக்கு 100 ரூபாய் வாங்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நைனா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக ரிட்டயர் ஆனவர். கீமேன் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கையில் ஸ்பேனர், தோளில் சுத்தியல், பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கூடவே ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு. தன் பீட், அதாவது தனக்கு ஒதுக்கிய பாதை, முழுவதையும் தினம் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போனால், வரும்போது எதிர்த் தண்டவாளம். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் சாவி நழுவியிருந்தால் ஒரு தட்டு, போல்ட் தளர்ந்திருந்தால் ஒரு திருகு. மரக்கட்டை போய் காங்கிரீட் ஸ்லீப்பர் வந்து, சாவி போய் வளைந்த கிளிப் வந்தும் நடை மட்டும் மாறவில்லை. கொருக்குப்பேட்டை குவார்ட்டர்ஸில் இருந்தவரை அவர் செருப்பு ஆறு மாதம் தாண்டியதை நான் பார்த்ததில்லை. ஜல்லி தின்றுவிடும்.

நான் எழுதி வைத்திருந்தது 14 பக்கம். முதல் வரியே "இந்தியாவின் மிகப் பழமையான ரயில் நிலையம் உங்களை வரவேற்கிறது!" என்று ஆரம்பித்தது. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார், கையைத் தூக்கி "பம்பாய்?" என்பார். பம்பாயிலிருந்து தாணாவுக்கு ரயில் ஓடியது 1853ல். ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854ல். நம்முடையது 1856. ஜூன் 28ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கி.மீ., பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. பம்பாயின் போரி பந்தரிலும் ஹவுராவிலும் அன்று கட்டிய முதல் ஸ்டேஷன்கள் இப்போது இல்லை. ராயபுரத்தில் டிரேசி என்ற வெள்ளைக்காரர் வரைந்து கட்டிய கட்டடம், தூண்களோடு இன்றும் நிற்கிறது. "தெற்கே முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம், அந்த மூன்றில் இன்னும் நிற்கிற கட்டடம் இது ஒன்றுதான்" என்று மாற்றி எழுதினேன். பயணிகள் என்ற சொல்லை விட்டுவிட்டால் செங்குன்றத்துக்காரர் யாராவது சண்டைக்கு வருவார். கல் ஏற்றுவதற்காக அங்கே 1837லேயே தண்டவாளம் போட்டாகிவிட்டது.

ஒரு வரியை மட்டும் நைனா பிடித்துக்கொண்டார். முதல் நாள் கவர்னரும் 300 வெள்ளைக்காரர்களும் ஆம்பூர் வரைக்கும் போய் வந்ததாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறது. நானும் அப்படியே எழுதியிருந்தேன். கூடவே பிரியாணி பற்றி ஒரு ஜோக் வேறு.

"பாப்பா, வாலாஜா ரோடு வரிக்கும்தான் லைனு போட்டாங்கன்ற. ஆம்பூரு காட்பாடி தாண்டிக்கீது. தண்டவாளம் இல்லாம எப்டிப் போனாரு கவர்னரு, பல்லக்குலயா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அவரே மறுபடியும், "வாலாஜா ரோடு ஸ்டேஷன் பக்கத்துல அம்மூருன்னு ஒரு ஊரு கீது. அத பாரு" என்றார். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அம்மூரை எவரோ ஒரு காலத்தில் ஆம்பூர் என்று படிக்க, அதன் பிறகு எல்லோரும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது. பிரியாணி ஜோக்கை அடித்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

14 பக்கம் 5 பக்கமானது. தூண்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்ததை மூன்று வரியாக்கினேன். தூணைத்தான் எல்லோரும் கண்ணால் பார்க்கப் போகிறார்களே. ஸ்டேஷன் ஏன் ராயபுரத்தில் வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில்தான் அலை தாண்டிக் கரைக்கு வர வேண்டும். அந்தக் கரையோரம் வாழ்ந்த படகுக்காரர்கள் கும்பிட்ட ராயப்பர், அதாவது புனித பேதுரு, பேரில்தான் ஊரே ராயபுரம் ஆனது. கரைக்கு வந்த சரக்கை வண்டியில் ஏற்ற இதைவிடக் கிட்டத்தில் இடம் ஏது? 1873ல் சென்ட்ரல் வந்ததும் ராயபுரத்தின் மவுசு குறைய ஆரம்பித்துவிட்டது.

புறப்படுவது ராபின்சன் பூங்காவிலிருந்து. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுக தொடக்க விழாக் கூட்டம் நடந்த பூங்கா. ஆனால் அங்கே ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். அரசியல் பேச ஆரம்பித்தால் அன்றைக்கு ரயிலைப் பார்க்கவே முடியாது.

போன ஞாயிறு ஒத்திகை. அம்மாவும் வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பொம்பளைங்க பாத்ரூம் எங்க போவாங்க?" 14 பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தோழி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரயில்பாதைக்கு மேலே போகும் பாலத்தில் நைனா நின்றுவிட்டார். கீழே ஒரு கும்மிடிப்பூண்டி வண்டி போயிற்று. கண்ணால் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "முன்னலாம் ஜாயிண்டுக்கு ஜாயிண்டு தடக்கு தடக்குன்னு கேக்கும். ஜாயிண்ட புடிச்சினு இருக்கற ஃபிஷ் பிளேட்டு எது லூசா கீதுன்னு சத்தத்துலயே சொல்லுவேன். இப்ப வெல்டு வெச்சி ஒண்ணாக்கிட்டாங்க. நல்லதுதான், வண்டி வழுக்கினு போவுது" என்றார். நல்லதுதான் என்பதை இரண்டு தடவை சொன்னார். இதை 25 பேரிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். "சே, நானா!"

டிக்கெட் விஷயம் அவர் சொல்லித்தான் தெரியும். பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய். பீச் ஸ்டேஷனுக்கு டிக்கெட் 5 ரூபாய். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அப்படியே வண்டி ஏறி ஒரு ஸ்டேஷன் போனால் பாதிக் காசு மிச்சம், எதிரே செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடை. ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. அதனால் ஞாயிறு அட்டவணையைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். தண்டவாளத்தில் இறங்கி செல்ஃபி எடுக்க எவராவது ஆசைப்பட்டால், 1000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நைனாவிடம் அதற்கு வேறு முறை இருக்கிறது. எப்படி என்று கேட்டபோது கையை ஓங்கிக் காட்டினார். வேண்டாம் என்றேன்.

இரவு சாப்பிடும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முன்னால நீ போ. கடைசி ஆளு பின்னால நா வரேன். கூட்டினு போறவங்களுக்குக் கடைசி ஆளுதான் முக்கியம்."

சரி என்றேன். உடனே கொடி வேண்டும் என்றார். ரோடு தாண்டும்போது ஆட்டோக்காரர்களை நிறுத்தச் சிவப்பு, கடைசி ஆள் தாண்டியதும் எனக்குக் காட்டப் பச்சை. ஸ்டேஷன் வாசலிலேயே இரண்டையும் சுருட்டிப் பையில் போட்டுவிட வேண்டுமாம். உள்ளே சிவப்பைப் பார்த்தால் மோட்டார்மேன் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அவருடைய பழைய கொடியெல்லாம் ரிட்டயர் ஆன அன்றே ஒப்படைத்தாகிவிட்டது. அம்மா பெட்டியைக் கிளறிப் பச்சை ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து வந்தார். சிவப்பு இல்லை, மெரூன்தான் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதானே என்றார்.

நைனா சோற்றில் கை வைத்தபடியே அந்த மெரூன் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். "இத்தப் பாத்து சைக்கிள்காரன்கூட நிக்க மாட்டான்."

நாளைக்கு ஆபீஸ் விட்டதும் எம்.சி. ரோடு போய் அரை மீட்டர் சிவப்புத் துணி வாங்க வேண்டும்.