மார்கழிக் காலையில் எஞ்சினைச் சூடாக்க வேண்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால், முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே ஒரு கார் உறுமத் தொடங்கிவிடும். கீழ்வீட்டுப் பெரியவர் சாவியைத் திருப்பிவிட்டுப் பால் வாங்கப் போவார். திரும்பி வந்து காபி குடித்த பிறகுதான் வண்டியை எடுப்பார். "எஞ்சின் நல்லா சூடாகட்டும் தம்பி, அப்பத்தான் வண்டி உழைக்கும்" என்பார்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் அது சரியான பழக்கம்தான். என் அப்பாவின் அம்பாசிடரில், அந்தக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கை இழுத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்காமல் கியர் போட்டால், வண்டி திணறி வாசலிலேயே நின்றுவிடும். இன்றைய பெட்ரோல் கார்களில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது: எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை ஒரு சென்சார் அளந்து சொல்ல, எஞ்சின் குளிர்ந்திருக்கும் வரை அது பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகத் தெளிக்கிறது.

சிக்கலே அந்தக் கூடுதல் பெட்ரோலில்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் அது மெதுவாகவே சூடேறும். ஆகவே எந்தத் தேய்மானத்துக்கு அஞ்சிக் காத்திருக்கிறோமோ, அதற்கே கூடுதல் நேரம் கொடுக்கிறோம். என் காரில் குளிர்ச்சியைக் காட்டும் நீல விளக்கை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டபோது ஆறு நிமிடம் கடந்தும் எரிந்துகொண்டிருந்த விளக்கு, மறுநாள் மெதுவாக ஓட்டிச் சென்றபோது திருமங்கலம் சிக்னலைத் தொடுவதற்கு முன்பே அணைந்துவிட்டது.

சென்னையின் மார்கழிக் குளிர் 20 டிகிரியை ஒட்டியது. 5டபிள்யூ-30 என்ற ரக எஞ்சின் ஆயிலின் பெயரில் உள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அது உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிடும் ஆயில். நம் ஊருக்கு அரை நிமிடம் போதும். பிறகு நீல விளக்கு அணையும்வரை ஆக்ஸிலேட்டரைப் பலமாக அழுத்தாமல் நிதானமாக ஓட்டினால், எஞ்சினோடு கியர்பாக்ஸும் சூடாகிவிடும். டீசல் வண்டியில், சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரியும் சுருள் வடிவ விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும், அவ்வளவே.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை புகைதான். புகை வெளியேறும் பாதையில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதுவரை கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பெருமளவு அப்படியே வெளியேறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்கள் பார்க்கிங்கின் மூன்று பக்கமும் சுவர். அதற்கு நேர் மேலே முதல் மாடி வீட்டில் கைக்குழந்தை உறங்கும் அறையின் ஜன்னல். பெரியவரை அழைத்துச் சென்று அந்த ஜன்னலைக் காட்டினேன். எஞ்சின் விளக்கங்களைக் காட்டிலும் அதைத்தான் அவர் நெடுநேரம் நின்று பார்த்தார். இப்போதெல்லாம் பால் வாங்கப் போகும்போது கார் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது.