கடைசியாக வருவது பன்னிரண்டு

டிசம்பர் 16
குழந்தையின் குரோமோசோமைப் பார்க்க வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்த இடத்தில் இப்போது வலி இல்லை. முடிவு வர மூன்று வாரம் ஆகலாம் என்றார்கள். படியே ஏறக்கூடாது என்கிறாள் அம்மா. லேப் இரண்டாவது மாடியில். லிஃப்டில்தான் போவேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

டிசம்பர் 17
மாவு பொங்கவில்லை. அல்சூரில் விடிகாலை கோலம் போட உட்கார்ந்தால் விரல் விறைத்துப்போகிற குளிர். அம்மா மாவுப் பாத்திரத்துக்கு என் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி வைத்திருக்கிறாள். “உங்க லேப்புல வளக்கிற ஈஸ்ட்டுல ஒரு சொட்டு கொண்டாந்தா ஆகாதா கண்ணு?” இட்லி மாவைத் தூக்கிவிடுவது பெரும்பாலும் பாக்டீரியா, ஈஸ்ட்டுக்கு அதில் சின்ன வேலைதான் என்றேன். அப்போ அம்மிச்சி ஆப்பத்துக்குக் கள்ளு ஊத்துவாளே, அது? அது ஈஸ்ட்தான், நான் வளர்க்கிற அதே இனம். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 19
இன்று ஏழு மணி நேரம் இருட்டறையில், மைக்ரோஸ்கோப் முன்னால்.

ஈஸ்ட் பிரிவதை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். மொட்டு விடும், மொட்டு பெருக்கும், உட்கரு கழுத்து வழியாக நீண்டுபோய் இரண்டாகும். நம் செல் பிரியும்போது உட்கருவின் சவ்வு கலைந்துவிடும். ஈஸ்ட்டில் கலையாது. 16 குரோமோசோமும் மூடிய பைக்குள்ளேயே பாகம் பிரிய வேண்டும். பை இரண்டு மைக்ரான். உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிவைத்தால் நான்கு மில்லிமீட்டர். உட்கருவை ஒரு சொம்பு என்று வைத்துக்கொண்டால் உள்ளே கிடப்பது 200 மீட்டர் நூல்.

சிக்கல் விழாமல் இருப்பதற்குக் காரணம், அது பின்னல் கோலாட்டம் மாதிரி அமைந்திருக்கிறது. கோலாட்டத்தில் கயிறெல்லாம் மேலே ஓரிடத்தில் கட்டியிருக்கும், எத்தனை சுற்றினாலும் பிரித்துவிடலாம். இதில் ஒவ்வொரு குரோமோசோமையும் பிடித்து இழுக்கும் இடமான சென்ட்ரோமியர், 16-ம் சவ்வில் பதிந்திருக்கும் துருவத்தை ஒட்டி ஒரே கொத்தாக இருக்கும், நுனிகள் சவ்வோரம் போய் ஒண்டியிருக்கும். சாலமாண்டர் செல்களைப் பார்த்துக் கார்ல் ராபிள் 1885-லேயே சொன்ன அமைப்பு இது. ஈஸ்ட்டின் சென்ட்ரோமியர் ஒவ்வொன்றும் சுமார் 125 டி.என்.ஏ. எழுத்து நீளம்தான். அதைப் பிடித்து இழுக்க ஒரே ஒரு நுண்குழல். ஒற்றைக் கயிற்றை நம்பித் தொங்குகிறது. அப்படியும் லட்சம் முறை பிரிந்தால் ஒரு முறைதான் ஒரு குரோமோசோம் தவறும்.

டாக்டர் என் வயதைப் பார்த்துவிட்டுச் சொன்ன கணக்கில் லட்சம் என்ற சொல்லே இல்லை.

டிசம்பர் 20
ஃபோன் வரவில்லை.

டிசம்பர் 22
சீக்கிரம் முடிவு சொல்லும் சோதனைக்கு எடுத்த மாதிரி போதவில்லையாம். பத்து நாள் கழித்து, நாங்கள் போய்க் கேட்ட பிறகு சொல்கிறார்கள். இனி அந்த நீரிலுள்ள செல்களை வளர்க்கும் கல்ச்சர் முழுதாக வளர்ந்தால்தான் எதுவும். நான் கத்திவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. “கூத்கொள்ளி மேடம்”, உட்காருங்கள் என்று கன்னடத்தில் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் கத்தியிருக்கக் கூடாது. வரும் வழியில் ஹெப்பாள் பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 23
மறுபடியும் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டாவது குரோமோசோமின் நுனியில் பச்சையாக ஒளிரும் புள்ளி வைத்திருக்கிறேன். மற்ற 15-ம் பிரிந்து போன பிறகும் இதன் வால் மட்டும் கழுத்தில் நிற்கும். புரதம் கட்டும் ரைபோசோமைச் செய்யும் ஜீன்கள் சுமார் 150 பிரதி, வரிசையாக, எல்லாம் இந்தப் பன்னிரண்டாவதின் ஒரே கையில்தான். அவை சும்மா இருப்பதே இல்லை. சி.டி.சி.14 என்ற புரதம் வந்து அவற்றின் வாயை அடைத்தால்தான் கான்டென்சின் என்ற புரதம் உள்ளே போய்ச் சுருட்ட முடியும். சுருட்டினால்தான் வால் வரும். வருகிறது. ஒவ்வொரு முறையும், போதும் போதும் என்றாகிற கடைசி நிமிடத்தில், இழுபட்டுக்கொண்டிருந்த புள்ளி சட்டென்று குறுகி மொட்டுக்குள் போய்ச் சேர்கிறது. இன்று ஒரே செல்லை ஐந்து முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

நமக்கு அதே ஜீன்கள் ஐந்து குரோமோசோம்களில் இருக்கின்றன. 13, 14, 15, 21, 22. ஜூனியர்களுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தது. இன்று நோட்டில் 21 என்று எழுதினேன், ஒன்று கூடினால் டவுன் சிண்ட்ரோம் என்கிற அதே 21, அதற்கப்புறம் எழுத முடியவில்லை.

டிசம்பர் 25
லேப் விடுமுறை. படுத்தே இருந்தேன்.

இந்த ஊரில் எங்கோ ஒரு மேசையில் அந்த செல்களை வளர்த்து, பிரியும் நடுவில் நிறுத்துவார்கள். அப்போதுதான் குரோமோசோம் தடித்து, தனித்தனியாக எண்ணும்படி இருக்கும். நிறுத்துவதற்குக் கோல்ச்சிசின் வகை மருந்து. கோல்ச்சிசின் இருப்பது எங்கள் செங்காந்தளில்! மூலனூர்ப் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்போம். விதைக்காகத்தான் பயிர். கொடியைக் கிளுவைக் குச்சியில் ஏற்றிவிட்டிருப்பார்கள். பூ தானாகக் காய் பிடிப்பது குறைவு என்பதால், காலை வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். எட்டு வயதில் நானும் வைத்திருக்கிறேன். தலைகீழாகத் தொங்கும் பூ, மேல்பக்கம் சுருண்ட இதழ்கள், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும். விரல் நுனியில் மஞ்சள் பொடி ஒட்டும். கண்ணைக் கசக்காதே என்று அம்மா வரப்பிலிருந்து கத்துவாள்.

ஈஸ்ட்டிடம் அது பலிக்காது. அதன் நுண்குழல் கோல்ச்சிசினைச் சரியாகப் பிடிப்பதில்லை, நாங்கள் நோகோடசோல் என்ற வேறு மருந்துதான் போடுவோம். நம் செல் நின்றுவிடும்.

கடைசி ஜோடியை ரிப்போர்ட்டில் காட்ட மாட்டார்கள். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 22 ஜோடியைக் காட்டட்டும். போதும்.

டிசம்பர் 26
மாவு பொங்கியது. வளைகாப்புக்கு நாள் பார்க்கச் சொல்லட்டுமா என்றாள் அம்மா. பொறு என்றேன்.

டிசம்பர் 28
தூக்கம் இல்லை. மணி மூன்று.

பிரியும் வரைக்கும் ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு பிரதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்ற வளையம். ஈஸ்ட்டில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பிடித்திருந்தால் போதும், செபரேஸ் என்ற நொதி வந்து வெட்டிவிடும். பெண்ணின் கருமுட்டையில் அப்படி இல்லை. நான் அம்மா வயிற்றில் இருந்தபோதே என் முட்டைகளில் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, வளையம் மாட்டி, அப்படியே நின்றுவிட்டன. அம்மா வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டு கடலைக்காட்டில் களை எடுத்த நாட்களில் இதுவும் அங்கேதான் இருந்திருக்கிறது. 36 வருடம் பிடித்துக்கொண்டிருந்த வளையம். வயது ஏற ஏற அது தளரும்.

அந்த வளையத்தைச் சென்ட்ரோமியரில் காலத்துக்கு முன்னால் வெட்டிவிடாமல் காப்பதற்கு ஒரு புரதம் உண்டு. 2004-ல் இன்னொரு வகை ஈஸ்ட்டில் கண்டுபிடித்த ஜப்பானியர்கள் அதற்கு ஷூகோஷின் என்று பெயர் வைத்தார்கள். காவல் தெய்வம் என்று அர்த்தம்.

அம்மா பக்கத்து அறையில் எழுந்துவிட்டாள். விபூதி டப்பா திறக்கும் சத்தம். எங்கள் காட்டோர ஐயனாருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறாள், என்ன என்று சொல்லமாட்டேன் என்கிறாள்.

டிசம்பர் 30
37 டிகிரியில் கான்டென்சின் செயலிழக்கும் ஈஸ்ட் ரகம். 37 நம் உடம்புச் சூடு. பெரும்பாலான செல்களில் பச்சைப் புள்ளி கழுத்திலேயே நின்றுவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான், பேப்பருக்கு வேண்டியதும் இதுதான். கழுத்து மூடும்போது வால் அறுந்துபோவதைப் பார்க்க முடியவில்லை. திரையை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். இன்று எண்ணவில்லை.

டிசம்பர் 31
இரவு இவர் கேட்டார்: “எதுவா இருந்தாலும், நாம?” நாம என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் போகவில்லை.

ஜனவரி 2
நாளை மூன்று மணிக்கு இரண்டு பேரும் வர வேண்டுமாம். ஃபோனில் வேறு எதுவும் சொல்ல மாட்டோம் என்றார்கள். அந்தக் குரலில் ஏதாவது இருந்ததா என்று பத்து முறை யோசித்துவிட்டேன்.

காலையில் ஆல்ஃபா ஃபேக்டர் போட்டு செல்களை நிறுத்திவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். நிறுத்தினால் இரண்டு மணி நேரத்தில் வந்து கழுவிவிட வேண்டும். நாளை எத்தனை மணிக்குத் திரும்புவேனோ. ஒரு தட்டில் மட்டும் கோடு இழுத்து 30 டிகிரியில் வைத்துவிட்டு வந்தேன். காலனி தெரிய இரண்டு நாளாகும்.