இரைகிற சோக்

மும்பையில் இருபது வருடமாக எலெக்ட்ரிக் வேலை. தாராவியில் வீடு, சாமான் வாங்க லோஹார் சால். டியூப் லைட் விஷயத்தில் நான் கற்ற தொழில் ஒன்றுதான்: ஒருத்தரும் அண்ணாந்து பார்க்காதபடி அது எரிய வேண்டும். மினுக்கினால் ஸ்டார்ட்டரை மாற்று, முனை கறுத்தால் டியூப்பை மாற்று, டியூப்புக்குப் போகிற கரண்டை அடக்கி விடுகிற சோக் இரைந்தால் அதையும் கழற்றி எறி.

காலா கோடா பக்கம் ஒரு கேலரியில் நாலடி டியூப் 48 மாட்டச் சொன்னார்கள். எல்லாம் பச்சை. கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. சாதா டியூப்பையே இப்போது பரணிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். உள்ளே பாதரசம் இருப்பதால் 2027க்குள் இதன் தயாரிப்பையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் நிறுத்துவதாக பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023ல் முடிவெடுத்துவிட்டன.

எலெக்ட்ரானிக் சோக் போட்டால் சத்தமே வராது என்றேன். அங்கே கண்காட்சி வைக்கிற ஆர்ட்டிஸ்ட் அம்மா கேட்கவில்லை. பழைய இரும்புச் சோக்தான் வேண்டுமாம், இரைச்சல் இருக்கட்டுமாம். ஐம்பது ஹெர்ட்ஸ் கரண்டில் சோக்கின் தகடுகள் நொடிக்கு நூறு தரம் அதிரும். வீட்டில் ஒன்று இரைந்தாலே எனக்குப் போன் வரும். இங்கே 48!

இது புதிதில்லை என்றும் சொன்னார். அமெரிக்காவில் டான் ஃபிளேவின் என்பவர் 1963ல் கடையில் விற்கிற எட்டடி மஞ்சள் டியூப் ஒன்றைச் சுவரில் 45 டிகிரி சாய்த்து மாட்டினாராம், அதுதான் படைப்பு. அதற்கு முன் நியூயார்க் மியூசியம் ஒன்றில் காவலாளியாக நின்றவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கணக்கில் நான் எத்தனை ஆபீஸில் கண்காட்சி வைத்திருக்கிறேன்!

வேலை முடிந்து ஆன் செய்தோம். முதலில் குளத்துக்குள் இறங்கியது போல அப்படியொரு பச்சை. வயரை ஒதுக்கி, கிளிப் அடித்து அரை மணி நேரம் போனதும் பச்சை வெளிறிக் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. டியூப் மங்குகிறதோ என்று நான் ஓல்டேஜ் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வராந்தாவுக்குப் போன பையன் கத்தினான்.

"அண்ணே, இங்க பிங்க் டியூப் யார் போட்டது?"

போய்ப் பார்த்தால் நிஜமாகவே ரோஸ். ஏணி போட்டு ஏறி, டியூப்பைக் கழற்றி எழுத்தைப் படித்தேன். சாதாரண வெள்ளை டியூப்தான். இறங்குவதற்குள் நிறம் வடிந்து வெள்ளையாகிவிட்டது. கண்ணில் பச்சையை வாங்கும் செல்கள் களைத்துப்போயிருந்தன. அதனால் வெள்ளையில் மீதமுள்ள சிவப்பும் நீலமும் தூக்கலாகத் தெரிந்திருக்கின்றன. இது புரிய எனக்கு மறுநாள் ஆனது. ஊரில் என்னை டியூப் லைட் என்று கூப்பிட்டதில் தப்பே இல்லை.

கண்காட்சி நடந்த நாட்களில் ஒரு ராத்திரி ஸ்டார்ட்டர் மாற்றப் போனேன். பீகார்க்காரக் காவலாளி மட்டும் இருந்தார். வேலை முடிந்து எம்சிபி சுவிட்சை இறக்கி எல்லா டியூப்பையும் அணைத்தேன். இரைச்சல் பட்டென்று நின்றதில் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. டார்ச்சை எடுக்கப் போனேன். வேண்டாம், கொஞ்சம் பொறு என்று இந்தியில் சொன்னார். நின்றேன். மெல்ல, சாம்பல் பூத்த தணல் மாதிரி, 48 டியூப்பும் இருட்டில் லேசாகத் தெரிந்தன.

தினம் இது அணைகிற வரை பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாராம்.